ஹிக்கரி காய்க்கும் வரை தாடி

டன்லப் க்ரீக் ஊரில் தன் கையால் ஹிக்கரி என்ற கொட்டை மரத்தை நட்ட முதல் மனிதன் டெல்மஸ் ப்ரூயிட். அங்கே பீச் நடுவார்கள், ஆப்பிள் நடுவார்கள், புகையிலை நடுவார்கள். ஹிக்கரியை மட்டும் எவரும் நட்டது கிடையாது. அது அணிலின் வேலை. அணில் கொட்டையைப் புதைக்கும், புதைத்த இடத்தை மறக்கும், அங்கே மரம் வரும். அக்டோபர் பிறந்தால் கோணியைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கரைக்குப் போய்ப் பொறுக்கி வருவதோடு மனிதனின் பங்கு முடிந்தது.

இதனால் ஒரு விஷயம் ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. நட்ட ஹிக்கரி எத்தனை வருஷத்தில் காய்க்கும்? பிறந்ததிலிருந்து ஹிக்கரிக் கொட்டை போட்ட கேக்கைத் தின்றவர்களைக் கேட்டாலும் உதட்டைத்தான் பிதுக்குவார்கள். அந்த அறியாமையில்தான் டெல்மஸ் மாட்டினான்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். டெல்மஸுக்கு இருபத்தேழு வயது. பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பழுது பார்க்கும் வேலை. வருஷா வருஷம் அக்டோபரில் தீயணைப்புக் கொட்டகையில் ஊரே கூடி மீன் பொரித்துத் தின்பார்கள். அந்த விருந்துக்குப் பக்கத்து வீட்டுக் கிளாய்ட் ஸ்டாம்பர் தன் மரத்துப் பீச்சில் செய்த ஜாமைக் கொண்டுவந்து மேஜை மேஜையாக நீட்டினான். "மூணே வருஷம்! நட்டேன், காய்ச்சுது!" கிளாய்ட் ஒன்றாம் வகுப்பிலிருந்து டெல்மஸோடு படித்தவன். நண்பன்தான். ஆனால் அவன் வாய் யாருக்கும் நண்பன் இல்லை.

டெல்மஸால் பொறுக்க முடியவில்லை. "நானும்தான் நட்டிருக்கேன். போன வாரம். ஹிக்கரி."

கொட்டகை முழுக்கச் சிரித்தது.

"அணில் பாக்குற வேலைய நீ எதுக்குடா பாக்குற? அதுக்கு லீவு குடுத்துட்டியா?" என்றான் கிளாய்ட்.

டெல்மஸ் பெஞ்சின் மேல் ஏறி நின்றான். கையில் மீன் துண்டு. "எழுதி வச்சுக்குங்க! என் மரத்துக் கொட்டைய நான் தின்கிற வரைக்கும் இந்தத் தாடையில கத்தியும் படாது, கத்திரியும் படாது!"

பீச்சுக்கு மூன்று என்றால் ஹிக்கரிக்கு நாலு, மிஞ்சினால் ஐந்து என்பது அவன் கணக்கு. தீயணைப்புப் படைத் தலைவர் அதை அப்படியே ஒரு காகிதத் தட்டின் பின்பக்கம் எழுதி, தண்ணீர்க் குழாய்கள் மாட்டும் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார். தட்டின் முன்பக்கத்தில் மீன் எண்ணெய் இருந்தது. தட்டு கெடாமல் இருந்ததற்கு அதுவே காரணம் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள்.

விதைத்த இடத்தின் மேல் அணில் தோண்டாமலிருக்கக் கம்பி வலை போட்டு, நாலு மூலையிலும் செங்கல் வைத்திருந்தான். அடுத்த மே மாதம் முளை வந்தது. டெல்மஸ் வேலைக்குப் போகும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்ப்பான். மூன்று வருஷம் பார்த்தான். செடி ஒரு சாண். தாடி இரண்டு சாண்.

"மன்னிச்சுக்க டெல்மஸ், உன் மரத்து மேல உக்காந்துட்டேன் போலருக்கு" என்று கிளாய்ட் வேலியோரம் பின்பக்கத்தைத் தட்டிவிட்டுக்கொள்வான்.

செடி வளரவில்லையே என்று ஒருநாள் டெல்மஸ் பக்கத்தில் பள்ளம் தோண்டிப் பார்த்தான். முழங்கால் ஆழம் தோண்டினான், ஆணிவேர் போய்க்கொண்டிருந்தது. இடுப்பு ஆழம் தோண்டினான், அப்போதும் போய்க்கொண்டிருந்தது. "கீழ ஒரு மரம் வளருது, மேல அதோட வால் தெரியுது" என்று பிரமித்துப்போய்ப் பள்ளத்தை மூடினான். அன்றைக்கே மாவட்டத் தலைநகர் நூலகத்துக்குப் போய் ஒரு தடித்த மரப் புத்தகத்தைப் புரட்டினான். அதில் இருந்தது: ஹிக்கரி நன்றாகக் காய்க்க நாற்பது வருஷம் ஆகலாம்.

வேறொருவனாக இருந்தால் தலையில் கை வைத்திருப்பான். டெல்மஸ் புத்தகத்தை மூடிவிட்டு மெல்லச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குக் காரணம் அவன் தாடை.

தாடை என்றால், அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே விவாதத்துக்கு உரியது. கீழுதட்டிலிருந்து ஒரே சரிவில் கழுத்துக்குப் போய்விடும் முகம் அவனுடையது. எட்டாம் வகுப்பில் கிளாய்ட் அவனுக்கு 'ஆமை' என்று பெயர் வைத்தான். பள்ளி முடிகிற வரை டெல்மஸ் என்ற பெயரை ஆசிரியர்கள் மட்டுமே நினைவில் வைத்திருந்தார்கள். தாடி வந்தபின் அந்தப் பெயர் போயிற்று. கடைத்தெருவில் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்று நூலகத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் பள்ளி ஆண்டு மலரில் தன் படமிருந்த பக்கத்தையும் கிழித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் வந்தான்.

நாலாம் வருஷம் மான் வந்து செடியின் நுனியைத் தின்றுவிட்டது. மனித முடியின் வாசம் இருந்தால் மான் அண்டாது என்று அந்தப் பக்கத்தில் சொல்வார்கள். பழைய காலுறையில் முடியை அடைத்துச் செடியைச் சுற்றித் தொங்கவிட வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்து, கார் கொட்டகையில் முடி வெட்டும் கடை வைத்திருந்த ஆர்டித் என்ற பெண்ணிடம் போனான்.

மார்பு வரை தாடியோடு ஒரு ஆள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் ஆர்டித்துக்குக் கை துறுதுறுத்தது. "உக்காருங்க. இன்னைக்கு முழுக்க உங்களுக்கே ஒதுக்கிடறேன்."

"வெட்டிக்க வரலீங்க. கீழ கிடக்குற முடியக் கூட்டித் தருவீங்களான்னு கேக்க வந்தேன்."

ஆர்டித் துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். கூட்டவா, அடிக்கவா என்று சிறிது நேரம் அவளுக்கே முடிவாகவில்லை. அவன் மரத்தின் கதையைச் சொன்னான். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்தது. அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரமும். மானுக்குத் தேவையானதைவிட அதிகமாக முடி சேர்ந்துவிட்ட நிலையில் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

"மரம் எப்ப காய்க்கும்?" என்று கல்யாணத்துக்கு முதல் நாள் அவள் கேட்டாள்.

"வந்துரும், வந்துரும்" என்றான் டெல்மஸ். நாற்பது என்று சொல்லவில்லை.

ஆர்டித்தின் கஷ்டம் அன்று தொடங்கியது. ஊரில் ஒரு தலை விடாமல் அவள் கத்திரிதான். பாதிரியாரின் காதோர முடியிலிருந்து நீதிபதியின் புருவம் வரைக்கும் அவள் ஒழுங்கு செய்கிறாள். அவள் வீட்டுக்காரன் மட்டும் புதரிலிருந்து எழுந்து வந்தவன் மாதிரித் திரிகிறான். முடி சுருட்ட வரும் பெண்கள் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "ஏன்டி ஆர்டித், உன் வேலைக்கு விளம்பரமா அவரத் தெருவுல விட்டிருக்கியா?"

அவள் கெஞ்சாத நாளில்லை. "ஓரம் மட்டும் தட்டி விடறேன் கண்ணு. ஒரு அங்குலம்."

"வாக்கு குடுத்துட்டேன் ஆர்டித். தட்டுல எழுதியிருக்கு."

"இத்தன வருஷமா ஒரு ஆளோட குடும்பம் நடத்துறேன். பாதி மூஞ்சிதான் தெரியும். கீழ என்ன வச்சிருக்க? திருட்டுச் சாமானா?"

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் டெல்மஸ் மரத்துக்கு ஏதாவது செய்ய எழுந்து போய்விடுவான். மரம் நன்றாக வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அடியில் இலைச் சருகைப் பரப்புவான். புல் வெட்டும் எந்திரம் பட்டையில் உரசிவிடாமல் சுற்றிலும் கல் பதித்தான். ஒரு வசந்தத்தில் பூ வருவது போலிருக்கவே, ஓடைக்கரை மரத்தின் பூச்சரங்களைக் காரில் ஏற்றி வந்து, ஏணி மேல் நின்று தன் மரத்தின் மேல் உதறினான். மகரந்தம் முழுக்கத் தாடியில் தங்கிவிட்டது. பத்து நாள் தும்மினான். அந்த வருஷம் பிந்திய பனியில் பூவும் கருகிப்போயிற்று.

இருபத்தைந்து வயதானதும் மரத்தின் பட்டை இந்த வகை ஹிக்கரிக்கே உரிய விதத்தில் நீள நீளமாகப் பிளந்து, மேலும் கீழும் சுருண்டு தொங்க ஆரம்பித்தது. கிளாய்ட் ஒரு டப்பாவோடு வேலியைத் தாண்டி வந்தான். மாட்டு மடியில் வெடிப்பு வந்தால் தடவுகிற களிம்பு.

"மரத்துக்கும் தடவு, உனக்கும் தடவு. ரெண்டு பேருக்கும் ஒரே வியாதி."

டெல்மஸுக்கு உள்ளூரப் பெருமை. மரத்துக்கும் தாடி வந்துவிட்டது.

நட்ட முப்பத்தாறாம் வருஷம் ஜூன் மாதம் ஒரு காலை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆர்டித் வீல் என்று அலறினாள். பாம்போ என்று டெல்மஸ் மண்வெட்டியோடு ஓடிவந்தான்.

"காய்! டெல்மஸ், காய்! அங்க பாரு, அந்தக் கிளையில! ஒண்ணு, ரெண்டு... ஒன்பது!"

பச்சைப் பச்சையாகக் கோலிக்குண்டு அளவில் ஒன்பது காய்கள். டெல்மஸுக்குக் கண் கலங்கிவிட்டது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு மரத்தைக் கட்டிக்கொண்டான். பட்டை கன்னத்தில் குத்தியது. அந்தக் குத்தில்தான் அவனுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தான். ஆர்டித் மரத்தைப் பார்க்கவில்லை, அவன் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரல்கள் தாமாகவே கத்திரிபோலத் திறந்து மூடின.

அன்றிலிருந்து மரத்துக்குக் காவல் அவள். அணில் ஏறி வழுக்கி விழட்டும் என்று அடிமரத்தைச் சுற்றித் தகரம் அடித்தாள். கடை நாற்காலியை மரத்தடிக்கே கொண்டுபோனாள். தலையெல்லாம் சுருள் மாட்டிய பெண்கள் ஆளுக்கொரு துடைப்பத்தோடு வரிசையாக அண்ணாந்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பக்கம் வந்த அணில்கள் இந்தக் காட்சியைக் கண்டே இரண்டு நாள் வராமலிருந்தன.

டெல்மஸ் என்ன செய்தான் என்பதை இங்கே மறைக்க முடியாது. கருவிக் கொட்டகையின் தகரக் கூரையிலிருந்து ஹிக்கரிக் கிளைக்கு ஒரு நீளப் பலகையைச் சாய்த்து வைத்தான்.

"எதுக்குப் பலகை?" என்றாள் ஆர்டித்.

"காயட்டும்னு."

"இத்தனை நாள் கொட்டகைக்குள்ளதான கிடந்துச்சு? அப்பவே காஞ்சுதான இருந்துச்சு?"

"இன்னும் நல்லாக் காயட்டும்னு."

கூரை மேல் ஒரு பிடி சூரியகாந்தி விதையும் தூவிவைத்தான், அணில்களுக்கு வழி தெரிய வேண்டுமே. ஆனால் ஒவ்வொரு காய் காணாமல் போகும்போதும் அவனுக்கு வயிறு எரிந்தது. ஒன்பது ஏழானது. "திருட்டுப் பயலே, வளத்தது நானு!" என்று அணிலைப் பார்த்துக் கத்துவான். அப்புறம் தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பான். ஆகஸ்டில் நாலு. செப்டம்பர் முடிவில் ஒன்றே ஒன்று, உச்சிக் கிளையில். ஒருநாள் அதையும் காணவில்லை. ஆர்டித் துடைப்பத்தை மூலையில் எறிந்துவிட்டு, அன்று வந்த மூன்று பேருக்கு ரொம்ப ஒட்ட வெட்டிவிட்டாள்.

அணில் கொண்டுபோகவில்லை. அந்தக் காய் கூரையில் 'டங்' என்று விழுந்து உருண்டு, கொட்டகைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த டெல்மஸின் காலடியில் வந்து நின்றது. பழுப்பேறிய பச்சை மட்டை, நாலு பக்கமும் மெல்லிய கோடு. எடுத்து முத்தமிட்டான். அப்புறம் தாடி நினைவு வந்தது. நேரே போய் மழைத்தண்ணீர் வாளியில் போட்டான். டன்லப் க்ரீக்கில் எல்லோரும் செய்வதுதான்: மூழ்கினால் உள்ளே பருப்பு உண்டு, மிதந்தால் பொக்கு.

மிதந்தது.

டெல்மஸ் வாளியைச் சுற்றி ஒரு ஆட்டமே ஆடினான். தாடி பிழைத்தது! ஆட்டம் முடிந்ததும் மரத்துக்காக மனசு கனத்தது. பாவம், தலைப்பிள்ளை பொக்காகிவிட்டதே. காயைத் துடைத்து மேலாடைப் பையில் வைத்துக்கொண்டான். எறிய மனம் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை மீன் விருந்து. பொரித்த மீன், சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ் பச்சடி, பெர்சிமன் பழப் புட்டிங் என்று மேஜை நிறைந்திருந்தது. கிளாய்ட் வாயைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தான்.

"டெல்மஸ், உன் மரத்த வெட்டி எனக்குக் குடுத்துரு. இந்தத் தடவ நாலு பன்னிய வாட்டணும். ஹிக்கரிப் புகை மாதிரி வராது."

"என் மரத்தையா?"

"மலட்டு மரத்த வச்சு என்ன பண்ணப் போற? ஊஞ்சல் கட்டவா?"

டெல்மஸுக்குக் காது வரை சிவந்தது. என்னைச் சொல்லட்டும், என் மரத்தைச் சொல்வதா? ஒரு கணம் யோசித்தான். தட்டில் எழுதியிருப்பது என்ன? 'தின்கிற வரைக்கும்.' பொக்கில் தின்ன என்ன இருக்கும்? மரத்தின் மானமும் நிற்கும், தாடியும் நிற்கும். இப்படி ஒரு வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும்? முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஏறிய அதே பெஞ்சில், இந்தத் தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஏறி நின்றான்.

"யாருடா மலடு?" என்று காயை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான்.

கொட்டகையில் ஒரே கூச்சல். டெல்மஸ் குனிந்து நாலா பக்கமும் கைகுலுக்கிக்கொண்டிருந்தான். அப்போது கழுத்தருகில் சில்லென்று ஏதோ பட்டது. ஆர்டித் கைப்பையில் எப்போதும் கத்திரி வைத்திருப்பாள் என்பதை அவன் யோசித்திருக்க வேண்டும்.

"ஆர்டித், பொறு! இன்னும் திங்கல! தட்டப் படிச்சுப் பாரு, 'தின்கிற வரைக்கும்'—"

"நீ மெதுவாத் தின்னு கண்ணு. நான் வேலைய ஆரம்பிக்கிறேன்."

கறுக் என்று ஒரு வெட்டு. முப்பத்தாறு வருஷத் தாடி முழுசாக, ஒரு நரைத்த பூனை குதிப்பது மாதிரி, பச்சடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் விழுந்தது. இரண்டு பெண்கள் அவன் தோளைப் பிடித்துக்கொள்ள, மூன்று நிமிஷத்தில் மிச்சத்தையும் ஒட்ட நறுக்கிவிட்டாள்.

பழைய இஸ்திரிப் பெட்டியைத் தலைகீழாகத் தொடையிடுக்கில் பிடித்து, கொட்டையை அதன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி உடைப்பதுதான் அங்கே முறை. கிளாய்ட் பெட்டியோடு உட்கார்ந்தான். மட்டையை நாலு இதழாகப் பிரித்தான், உள்ளே வெள்ளைக் கொட்டை. ஒரே தட்டு. ஓடு சரியாகப் பிளந்தது. இரண்டு பக்கமும் தங்க நிறத்தில், ஒரு சுருக்கமில்லாமல், முழுப் பருப்பு.

"அது எப்படி?" என்று டெல்மஸ் அலறினான். "மிதந்துச்சே!"

கைப்பைக்குள் போகவிருந்த கத்திரி பாதியில் நின்றது. "எது மிதந்துச்சு?" என்றாள் ஆர்டித்.

"வாளியில... தெரியாம..."

கிளாய்ட் மட்டையின் நாலு இதழ்களையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். பிறகு டெல்மஸைப் பார்த்தான். "ஏன்டா, மட்டையோடயா தண்ணியில போட்ட?"

மட்டையோடு போட்டால் எந்தக் கொட்டையும் மிதக்கும். மட்டையை உரித்த பிறகுதான் வாளியில் போட வேண்டும். டன்லப் க்ரீக்கில் பல் முளைக்காத குழந்தைக்குக்கூட அது தெரியும். கொட்டகை சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த காகிதத் தட்டு ஆணியோடு ஆடியது. பாதிரியார் பெர்சிமன் புட்டிங்கில் புரையேறி வெளியே போனார்.

"அப்போ அந்தப் பலகை?" என்றாள் ஆர்டித், மெல்ல.

"காயத்தான் வச்சேன்" என்றான் டெல்மஸ். அவனே நம்பாத குரல்.

அவள் அவன் முன்னால் வந்து நின்று, முகத்தை இரண்டு கையாலும் பிடித்து விளக்குப் பக்கம் திருப்பினாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். டெல்மஸ் கண்ணை மூடிக்கொண்டான்.

"டெல்மஸ், உனக்குத் தாடையே இல்லையே."

"இருக்கு. கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு."

"இதுக்காகவா இத்தன வருஷம்?"

"ஆமை திரும்பி வந்துட்டான் டோய்!" என்று பின்னால் கிளாய்ட் கத்தினான்.

ஆர்டித் திரும்பவே இல்லை. "கிளாய்ட், செவ்வாய்க்கிழமை முடி வெட்ட வருவேல்ல? காதப் பத்தி வீட்டுல சொல்லிட்டு வா."

கிளாய்ட் அப்புறம் புட்டிங்கில் கவனமாகிவிட்டான்.

பருப்பில் ஒரு பாதியை டெல்மஸ் வாயில் போட்டுக்கொண்டான், மறு பாதியை ஆர்டித்துக்குக் கொடுத்தான். இனிப்பாகத்தான் இருந்தது. நாக்கு ருசியைக் கண்டுகொள்வதற்குள் முடிந்துபோயிற்று.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"கொட்டைதான சின்னது. வேர் எவ்வளவு ஆழம்னு உனக்குத் தெரியாது."

"தெரியும். தோண்டுன பள்ளத்தப் பத்தி நூறு தடவ சொல்லியிருக்க. வா, வீட்டுக்குப் போயி ஒழுங்காச் சவரம் பண்ணி விடறேன். ஊரே பாத்துருச்சு, இந்த மூஞ்சிய நான் இன்னும் முழுசாப் பாக்கல."

போகும்போது மேஜையில் கிடந்த தாடியை அவள் விட்டுவிடவில்லை. மறுநாள் காலை அது ஒரு பழைய காலுறைக்குள் திணிக்கப்பட்டு ஹிக்கரிக் கிளையில் தொங்கியது. அந்த மரத்தில் ஊராரின் முடியெல்லாம் தொங்கியிருக்கிறது. வளர்த்தவனின் முடி ஏறியது அன்றுதான். பலகையையும் டெல்மஸ்தான் இறக்கினான், அவள் மேற்பார்வையில்.

காலுறை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அணில்களுக்குக் குளிர்காலத்துக்குக் கூடு கட்டும் நேரம், அவ்வளவு மெத்தென்ற சரக்கு அவற்றுக்கு எங்கே கிடைக்கும்? உருவி உருவிக் கொண்டுபோயின. இலையெல்லாம் உதிர்ந்த பிறகு பார்த்தால், உச்சியில் ஒரு பெரிய கூடு, கீழ்ப்பக்கம் ஒரு முழம் நரைத் தாடி தொங்கிக்கொண்டு, யாரோ பெரியவர் மரத்தில் ஏறி உட்கார்ந்து ஊரைப் பார்ப்பது போலிருந்தது.

கிளாய்ட் காது இரண்டும் முழுசாக இருக்கிற தைரியத்தில் தினமும் காலையில் வேலியோரம் வந்து தொப்பியைக் கழற்றி மேலே பார்த்துச் சொல்வான்: "வணக்கம் டெல்மஸ்! அங்க குளிரு எப்படி?"

கீழே, கழுத்துக்கு ஆர்டித் பின்னிய கம்பளித் துணியைச் சுற்றிக்கொண்டு வேருக்குச் சருகு போட்டுக்கொண்டிருக்கும் டெல்மஸ் நிமிராமலே பதில் சொல்வான்.

"இங்கதான்டா குளிருது. அங்க நல்லா வெதுவெதுன்னு இருக்கும்."